கல்லுக்கு அடங்கிய வெள்ளி: சூனி நகைகள் பற்றி வாசகர் கேள்விகள்

முந்தைய இதழ் ஒன்றில் வெள்ளி வளைகளைப் பற்றிய ஒரு பதிலுக்கிடையே, அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் சூனி இனத்தாரின் கல்வேலையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு எல்லையோர ஊர்களிலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

அரிசோனாவில் வேலை பார்க்கும் என் மகன் எனக்கொரு வெள்ளி வளை வாங்கி வந்தான். அரிசிமணி அளவுள்ள நீலக்கற்கள் அதில் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. நானும் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். ‘சூனி வேலை’ என்று அவன் சொன்னதும், என் மாமியார் அதைச் ‘சூனியம்’ என்று எடுத்துக்கொண்டு, பூஜை அறைப் பக்கம் அதைக் கொண்டுவரக் கூடாது என்கிறார். இது என்ன நகை?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

தங்கள் மாமியாரிடம் தயங்காமல் சொல்லுங்கள்: அந்தப் பெயருக்கும் சூனியத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஸ்பானியர் வாயில் விழுந்து நிலைத்துவிட்ட பெயர் அது. அம்மக்கள் தங்களை ‘அஷிவி’ என்றே அழைத்துக்கொள்கிறார்கள். நியூ மெக்சிகோ மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், அரிசோனா எல்லையை ஒட்டி, காலப் என்ற ரயில் நகரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் அவர்களுடைய ஊர் இருக்கிறது. அவர்கள் பேசும் மொழி உலகின் வேறு எந்த மொழிக்குடும்பத்தோடும் சேராத தனிமொழி. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் தங்களுக்கு, சுற்றிலும் வேறு மொழிகள் சூழ்ந்திருக்க ஒரு சிறு மொழி தனித்து நிற்பது எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

தாங்கள் விவரிப்பது, சிறு கற்களை நெருக்கமாகக் கூட்டிவைக்கும் சூனி வேலைப்பாடு. கற்கள் ஒருபுறம் கூர்ந்தும் மறுபுறம் உருண்டும் நீர்த்துளி வடிவில் இருந்தால் அதைப் ‘பெட்டிட் பாயிண்ட்’ என்பார்கள். இருபுறமும் கூர்ந்து ஊசிபோல் மெலிந்திருந்தால் ‘நீடில்பாயிண்ட்’. அந்த வட்டாரத்தின் இன்னொரு பெரிய இனத்தாரான நவஹோக்களும் வெள்ளியில் வல்லவர்கள்தாம். ஆனால் பழைய நவஹோ வளையை எடுத்துப் பார்த்தால் கனத்த வெள்ளிதான் முதலில் கண்ணில் படும். நடுவே ஒரு பெரிய கல் அமர்ந்திருக்கும். சூனி வளையிலோ வெள்ளி தன்னை ஒளித்துக்கொள்கிறது. வயலில் வரப்பு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அதில் வெள்ளி தெரியும். இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பழகிக்கொண்டால், பெரும்பாலான நகைகளில் எது யாருடைய வேலை என்று தாங்களே சொல்லிவிடலாம். ஒருவர் பாணியில் மற்றவர் செய்த விதிவிலக்குகளும் உண்டு.

இந்த வெள்ளி வேலை ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று ஓரிடத்தில் படித்தேன். வரலாற்று ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு ஐயம் எழுகிறது. தெளிவுபடுத்த முடியுமா?
— வாசகர், செங்கோட்டை

தங்கள் ஐயம் சரியானது. கல்வேலை ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. வெள்ளி வேலைக்கு வயது நூற்றைம்பதைச் சற்றே தாண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிவிடுவதால் வரும் குழப்பமே தாங்கள் படித்தது.

சூனி மக்கள் தங்கள் முன்னோர் வாழ்ந்த இடங்களுள் ஒன்றாகக் கருதும் சாக்கோ பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 900 முதல் 1150 வரை செழித்திருந்த பெரும் கட்டடங்களின் இடிபாடுகளில், டர்க்காய்ஸ் மணிகளும் சில்லுகளும் பல்லாயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. வடநாட்டு வியாபாரிகள் ஃபிரோசா என்று சொல்லி நம்மூர்க் கடைகளுக்குக் கொண்டுவரும் நீலப்பச்சைக் கல்லே டர்க்காய்ஸ். அந்தக் கல்லைத் தவிர, கலிபோர்னியா வளைகுடாவிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த சிப்பிகளையும், ஜெட் எனப்படும் நிலக்கரி வகையைச் சேர்ந்த கறுப்புக் கல்லையும் அவர்கள் மணற்கல்லில் தேய்த்து, துளையிட்டு மணியாகக் கோத்தார்கள். மரத்திலும் சிப்பியிலும் ஒட்டிச் சித்திரமாக்கினார்கள். 1540-இல் கொரோனாடோ என்ற ஸ்பானியத் தளபதி, பொன்னால் ஆன ஏழு நகரங்கள் இருக்கின்றன என்ற கதையை நம்பிப் படையோடு வந்து தாக்கியது சூனிகளின் ஹவிகு என்ற ஊரைத்தான். அங்கே பொன் ஒரு குன்றிமணிகூட இல்லை. அந்த ஊரின் இடிபாடுகளை 1917 முதல் 1923 வரை அகழ்ந்தபோது டர்க்காய்ஸ் பதித்த சீப்புகள் கிடைத்தன.

வெள்ளி வந்த கதை வேறு. அதற்குமுன் சூனி ஊரில் பித்தளையும் செம்பும் தட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வெள்ளியைக் கையாளும் நுணுக்கம் நவஹோக்களிடம் இருந்தது, அவர்களோ அதை மெக்சிகோக் கொல்லர்களிடமிருந்து பெற்றவர்கள். 1872-ஐ ஒட்டி அட்சிடி சோன் என்ற நவஹோக் கொல்லர் சூனி ஊருக்கு வந்து தங்கினார். லன்யாடே என்ற சூனி அவரிடம் தொழில் கற்றார். குருதட்சிணையாக ஒரு நல்ல குதிரையைக் கொடுத்தார். அதே லன்யாடே, 1898-ஐ ஒட்டி ஹோபி இனத்தாரின் ஊருக்குச் சென்று சிக்யாதலா என்பவருக்குத் தொழிலைக் கற்பித்தார். ஒரு மனிதர் ஓரிடத்தில் கற்று இன்னோரிடத்தில் கற்பித்ததால் மூன்று இனங்களின் கைத்தொழில் ஒரு நூலில் கோக்கப்பட்டுவிட்டது. வெள்ளியில் முதன்முதலாக டர்க்காய்ஸ் பதித்த சூனி, கினெஷ்டே என்பவர். அது 1890-ஐ ஒட்டியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளி கற்ற பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்தே கல் வெள்ளியில் ஏறியது. ஆனால் ஏறிய பிறகு அவர்கள் நவஹோ முறையைப் பின்பற்றிக்கொண்டிருக்கவில்லை. பல தலைமுறையாகக் கையில் இருந்த கல்வேலையை வெள்ளிக்கு மேல் உட்காரவைத்துவிட்டார்கள். கற்றுக்கொண்டது புதிது, அதைக் கொண்டு செய்தது பழையது. 1880-களின் தொடக்கத்தில் ரயில் பாதை காலப் வழியாக வந்ததும், வாங்க வெளியூரார் வந்தார்கள். 1918-ஐ ஒட்டி சூனி ஊருக்கு வந்த சி. ஜி. வாலஸ் என்ற வணிகர், கல்லும் வெள்ளியும் முன்பணமாகக் கொடுத்து வேலை வாங்கினார். கொடுக்கல் வாங்கலில் யாருக்கு எவ்வளவு மிஞ்சியது என்பது தனிக் கேள்வி. ஆனால் லீக்யா டெயூசே போன்ற பெரும் கல்தச்சர்களின் கைவேலை உலகுக்குத் தெரிந்ததில் அந்த வணிகருக்குப் பங்கு உண்டு.

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கோயில் நகையும் பரதநாட்டிய நகையும் செய்கிறவர்கள். அத்தனை சிறிய கற்களை எப்படி வெட்டுகிறார்கள், எப்படிக் கட்டுகிறார்கள் என்பதைப் பட்டறைக்காரனுக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள்.
— வாசகர், வடசேரி, நாகர்கோவில்

நம்மூர்க்காரர் கேட்டுவிட்டீர்கள், சுருக்கமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

முதலில் வெள்ளி. தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்தது நாணய வெள்ளிதான். அமெரிக்க டாலரையும் மெக்சிகோ பேசோவையும் மூசையில் உருக்கி, வார்த்து, பட்டடையில் தட்டித் தகடாக்கினார்கள். அது நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு வெள்ளி. பிற்காலத்தில் கடையில் கிடைக்கும் 92.5 பங்குத் தகடும் கம்பியும் வந்து அந்த உழைப்பைக் குறைத்தன. அடித்தகடு, அதன்மேல் ஒவ்வொரு கல்லுக்கும் மெல்லிய பட்டைவெள்ளியால் வளைத்த ஒரு வேலி, அந்த வேலிகளுக்கு இடையில் முறுக்குக் கம்பி, இடைவெளிகளில் ரவை போன்ற உருண்டைகள் என்பதே சூனி நகையின் எலும்புக்கூடு. உருண்டைகளை நாம் எப்படிச் செய்கிறோமோ அப்படியேதான்: வெள்ளித் துணுக்கைக் கரியின்மேல் வைத்து ஊதினால் அது தானே சுருண்டு மணியாகிவிடும். பற்றவைக்கும் பொடியும் வெங்காரமும் அங்கேயும் உண்டு. வேலியின் மேல்விளிம்பைப் பலரும் ரம்பப் பல்போல வெட்டிக்கொள்வார்கள். கல்லின்மேல் மடக்கும்போது அந்தப் பற்கள் ஒவ்வொன்றும் விரல்போலப் பிடித்துக்கொள்ளும்.

கவனியுங்கள்: நூறு கல் இருந்தால் நூறு வேலி. நூறும் ஒரே தகட்டில் பற்ற வேண்டும். நூறாவதைப் பற்றவைக்கும்போது முதலாவது உருகி ஓடிவிடக் கூடாது. கொலுசு முத்தைப் பற்றவைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும்.

அடுத்து கல். டர்க்காய்ஸ் என்பது செம்பும் அலுமினியமும் கலந்த, நீர் அடங்கிய பாஸ்பேட். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை கணக்கிடும் மோஸ் அளவில் இதன் கடினம் 5 முதல் 6 வரை. நம் கெம்பை அறுக்கும் உழைப்பு இதற்கு வேண்டாம். ஆனால் அழுத்தினால் பொடிந்துவிடும். கல்லை மெல்லிய பலகையாக அறுத்து, துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் தீக்குச்சி அளவுள்ள குச்சியின் நுனியில் மெழுகால் ஒட்டி, அதைப் பிடித்துக்கொண்டு சாணையில் காட்டுவார்கள். நீடில்பாயிண்ட் கல்லின் அகலம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அளவு பார்க்கக் கருவி வைத்துக்கொள்வதைவிட, வேலியில் வைத்துப் பார்த்து, மறுபடி சாணைக்குப் போய், மறுபடி வைத்துப் பார்ப்பதே வழக்கம். முன்பு மணற்கல்லில் கையால் தேய்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மின்சாரச் சாணை பரவியதும் கற்கள் மேலும் சிறுத்தன, வேலை மேலும் நுணுகியது. இயந்திரம் வந்தால் கைத்திறன் குறையும் என்று நாம் பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு.

கட்டுவதில்தான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு. வடசேரி முறையில் கல்லுக்கு அடியில் அரக்கு, சுற்றிலும் தங்க ரேக்கு. ரேக்கைக் கல்லின் ஓரத்தில் அழுத்தி அழுத்தியே பிடிமானம் வருகிறது. கல் ஒளி ஊடுருவும் கல் ஆதலால் அடியில் வைப்பது அதன் நிறத்தை ஏற்றிக்காட்டும். டர்க்காய்ஸ் ஒளி ஊடுருவாத கல். அடியில் எதை வைத்தாலும் மேலே தெரியாது. ஆகவே அவர்கள் வேலிக்குள் கல் சரியான உயரத்தில் நிற்பதற்காக மரத்தூளையோ அட்டைத் துண்டையோ மெத்தைபோல வைத்து, அதன்மேல் கல்லை இருத்தி, வேலியை மடக்குகிறார்கள். மரத்தூளா என்று முகம் சுளிக்க வேண்டாம். தட்டினாலும் கல் உடையாமல் காப்பது அந்த மெத்தைதான்.

இன்னொரு முறையும் உண்டு. அதைச் ‘சேனல்’ வேலை என்பார்கள். வெள்ளிச் சுவர்களால் அறை அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறைக்கும் சரியாகப் பொருந்தும்படி கல்லை வெட்டி ஒட்டி, பிறகு கல்லையும் சுவரையும் சேர்த்தே சாணையில் காட்டி ஒரே சமதளமாக்கிவிடுவது. கையால் தடவினால் எங்கே கல் முடிகிறது, எங்கே வெள்ளி தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியக் கூடாது. சுவரே இல்லாமல், கல்லோடு கல்லை முட்டவைத்துச் சித்திரமாக்கும் வேலை இதற்கும் மேல். சாக்கோ காலத்துச் சிப்பிச் சித்திரங்களுக்கு நேர் வாரிசு அதுவே என்பது என் கருத்து.

பல வீடுகளில் கணவனும் மனைவியும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். ஒருவர் கல்லை வெட்ட, மற்றவர் வெள்ளியைப் பார்ப்பார். நகையின் பின்புறம் இருவர் பெயரும் அல்லது முதலெழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய நகைகளில் பெரும்பாலும் பெயரே இராது. பெயர் பொறிப்பது 1970-களுக்குப் பிறகே பரவலாயிற்று. நம் பட்டறைகளில் பெண்கள் சாமணம் பிடித்தாலும் அது கணக்கில் வருவதில்லை என்பதை உங்கள் வீட்டாரும் அறிவார்கள். அதற்கு மேல் இங்கே சொல்லவில்லை.

அக்கா கொடுத்த நீலக்கல் பதக்கத்தை இரண்டு ஆண்டாகக் கழற்றாமல் அணிந்திருந்தேன். இப்போது கல் பச்சையாகிவிட்டது. புளி தேய்த்தும் பார்த்தேன். கண்ணேறு பட்டதால் கல் தன்மேல் வாங்கிக்கொண்டது என்கிறார்கள். உண்மையா?
— வாசகி, நகரி

புளியை உடனே நிறுத்துங்கள். அந்தக் கல்லுக்குப் புளிப்பு ஆகாது, பளபளப்பு போய்விடும்.

டர்க்காய்ஸ் நுண்துளைகள் உள்ள கல். தலைக்குத் தேய்த்த எண்ணெய், வியர்வை, மஞ்சள், சந்தனம், வாசனைத் திரவியம் எல்லாவற்றையும் அது குடித்துக்கொள்ளும். குடித்த எண்ணெயே நீலத்தைப் பச்சைப்பக்கம் தள்ளுகிறது. இயல்பிலேயே பச்சையான டர்க்காய்ஸும் உண்டு: செம்பு நீலத்தைத் தர, இரும்பு கலந்தால் பச்சை ஓடும். உங்கள் கல் முன்பு நீலமாக இருந்தது என்பதால் இது எண்ணெயின் வேலை என்றே தோன்றுகிறது. கண்ணேறு என்பதை நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் அந்தக் கண் அன்றாடம் எண்ணெய்க் கிண்ணத்தின் வழியாகத்தான் வந்திருக்கிறது.

குளிக்கும்போது கழற்றிவையுங்கள். மேலே சொன்ன மரத்தூள் மெத்தை ஈரம் பட்டால் ஊதி, கல்லை வெளியே தள்ளிவிடும். வெள்ளி கறுத்தால் விபூதியையோ கடையில் விற்கும் வெள்ளிக் கழுவு நீரையோ நாடாமல், உலர்ந்த மென்துணியால் வெள்ளியை மட்டும் துடையுங்கள். சூனி நகையின் பள்ளங்களில் தங்கியிருக்கும் கறுப்பு அழகுக்கு உரியது, அதை வெளுத்துவிடாதீர்கள்.

பெங்களூரில் ஒரு கடையில் ‘சூனி’ என்று எழுதிவைத்து மலிவாக விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
— வாசகர், குப்பம்

மலிவு என்பதே பாதி விடை. வெள்ளைநிற ஹவுலைட் கல்லுக்கு நீலச் சாயம் ஏற்றி டர்க்காய்ஸ் என்று விற்பது உலகெங்கும் நடக்கிறது. அது டர்க்காய்ஸைவிட மென்மையானது, ஊசியால் கீறினால் எளிதில் தடம் விழும். உண்மைக் கல்லிலும், மென்மையானதைப் பிசின் ஊற்றிக் கெட்டிப்படுத்துவது உண்டு. அதை மறைக்காமல் சொல்லி விற்றால் குற்றமில்லை. அரிசோனாவில் குளோப் நகரை ஒட்டிய ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ சுரங்கத்தின் மாசற்ற வான்நீலக் கல்லைச் சூனிகள் பெரிதும் விரும்பிப் பயன்படுத்தினர். 2012-இல் அங்கே டர்க்காய்ஸ் எடுப்பது நின்றுவிட்டது. அதனால் அந்தச் சுரங்கத்துக் கல் என்று சொல்லி யாராவது கூடை கூடையாக விற்றால் ஒதுங்கிப்போங்கள்.

பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தனிமனிதருக்கு முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். பிலிப்பைன்ஸில் செய்த நகைகளைப் பழங்குடி நகை என்று விற்ற ஒரு வணிகருக்கு 2018-இல் நியூ மெக்சிகோ நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. நம் நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருப்பதுபோன்றதே என்று எண்ணிவிடாதீர்கள். நம்முடையது ஊரைக் காக்கிறது, அவர்களுடையது செய்தவர் யார் என்பதைக் காக்கிறது.

சூரிய முகம் போட்ட பதக்கத்தைப் பள்ளிக் கண்காட்சிக்காக வரைகிறேன். நிறங்களுக்குப் பொருள் உண்டா?
— மாணவி, தேவிகுளம்

உண்டு, குழந்தாய். சூனி மரபில் ஆறு திசை: வடக்குக்கு மஞ்சள், மேற்குக்கு நீலம், தெற்குக்குச் சிவப்பு, கிழக்குக்கு வெள்ளை, மேலுலகுக்குப் பலநிறம், கீழுலகுக்குக் கறுப்பு. நகையில் நீலத்துக்கு டர்க்காய்ஸ், சிவப்புக்குப் பவளம் அல்லது செஞ்சிப்பி, வெள்ளைக்கு முத்துச்சிப்பி, கறுப்புக்கு ஜெட். சூரிய முகத்தில் நீ காணும் நான்கு நிறமும் இவையே. கத்திகளைச் சிறகாக உடைய ‘கத்திச் சிறகன்’ என்ற உருவத்தையும் வரையலாம். ஆனால் சடங்கு உருவங்களைத் தேடி வரைய வேண்டாம். தங்கள் சடங்குகளைப் படம் பிடிப்பதையே அம்மக்கள் அனுமதிப்பதில்லை.

வளையில் இரண்டு கல் விழுந்துவிட்டது. உள்ளூர் ஆசாரியிடம் கொடுக்கலாமா?
— வாசகி, களியக்காவிளை

கொடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு: கல் இருக்கும்போது நெருப்புக் காட்டக் கூடாது. கெம்புக்குப் பழகிய கை, சிறு சூட்டைப் பொருட்படுத்தாது. டர்க்காய்ஸின் உள்ளேயே நீர் அடங்கியிருக்கிறது. சூடுபட்டால் நீர் போய், நிறம் போய், கல் பழுப்பேறும். இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. பல ஆண்டுக்கு முன் ஒரு வளையின் பின்புற விரிசலை மூட, முன்புறக் கல்லை ஈரத்துணியால் சுற்றிவிட்டேன் என்ற துணிச்சலில் ஊதுகுழலை எடுத்தேன். துணியை அவிழ்த்தபோது ஓரத்தில் இருந்த ஏழு கற்கள் சாணி நிறத்தில் இருந்தன. உரியவரிடம் உண்மையைச் சொல்லிக் கூலி வாங்காமல் அனுப்பினேன்.

வேலி உடையாமல் இருந்தால் ஆசாரியின் வேலை எளிது. பழைய மரத்தூளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக உலர்ந்த தூளை வைத்து, அதே அளவில் கல்லை வெட்டிப் பதித்து, வேலியை மடக்கினால் போதும்; நெருப்பே வேண்டாம். புதிய கல் பக்கத்துக் கற்களைவிட நீலமாகத் தெரியும். பழைய கற்கள் தங்கள் கையில் இருந்து எண்ணெய் குடித்த அளவுக்கு அதுவும் குடிக்க ஓரிரு ஆண்டு ஆகும். அதுவரை அப்படியே அணிந்துகொள்ளுங்கள்.